ஸ்பே நதிக்கரையில் இரண்டு கைத் தூண்டில்

தூண்டில் போடத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? ஒரு மூங்கில் குச்சி, ஒரு முழம் நரம்பு, சிரட்டையில் நாலு மண்புழு. இவ்வளவுதானே நம் முதலீடு! ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் தூண்டில் வாங்கவே அரைமாதச் சம்பளத்தைக் கொட்டிய கதையைக் கேளுங்கள்.

2024 மே மாதம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். "மாமா, ஸ்பே நதிக்குப் போவோம்" என்று காரில் ஏற்றிக்கொண்டான். கிரான்டவுன் என்ற சிற்றூரில் தங்கினோம். ஊருக்கு வெளியே 1754-இல் கட்டிய கல்பாலம் இன்னும் நிற்கிறது. அதன் கீழே தேயிலைச் சாயத்தின் நிறத்தில் ஓடுகிறது ஸ்பே. நீளம் 172 கிலோமீட்டர். வேகமோ சொல்லி முடியாது. இடுப்பளவு ஆழத்தில் நின்றால் காலடிக் கூழாங்கல்லே நகர்கிறது.

இங்கே தேடுவது சால்மன் மீனை. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிற மீன் அது. ஆற்றுக்குள் வந்தபின் இரை தின்பதில்லை. ஆகவே இறகும் மயிரும் கட்டிய கொக்கியைக் காட்டிச் சீண்ட வேண்டும். அதற்கு 'ஃபிளை' என்று பெயர். அதற்குக் கனமே கிடையாது. நம் தூண்டிலில் ஈயக்குண்டு கயிற்றை இழுத்துப் போகும். அங்கே கயிற்றின் கனம்தான் கொக்கியைச் சுமந்து போகிறது. இதை மனத்தில் வையுங்கள், மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

ஒற்றைக் கைத் தூண்டிலில் கயிற்றை முதுகுக்குப் பின்னால் நீள விட்டுத்தான் முன்னே வீச வேண்டும். ஸ்பே கரையில் அது எப்படி முடியும்? பின்னால் மேடு, மேட்டில் நெருக்கமாக மரங்கள். ஆகவே 19ஆம் நூற்றாண்டிலேயே அந்த ஊர்க்காரர்கள் வேறு வழி கண்டார்கள். நீண்ட கோலை இரண்டு கையாலும் பிடித்து, கயிற்றின் நுனியைப் பக்கத்துத் தண்ணீரிலேயே தொட வைத்து, அந்தப் பிடிப்பில் கோலை வளைத்து முன்னே எறிவது. அந்நாளில் கோல் செய்த கிரீன்ஹார்ட் மரம் கயானாவிலிருந்து வந்ததாம். நம்மவர் சிலர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய அதே கயானாதான்! இப்போது எல்லாம் கார்பன் இழை; எடை குறைவு.

மருமகன் வாங்கியிருந்தது 15 அடிக் கோல், 10ஆம் எண். "நீளம் அதிகமானால் தூரம் அதிகம்" என்று கடையில் சொன்னார்களாம். கயிறும் 10ஆம் எண்தான். காலை முழுவதும் வீசினான். கயிறு சுருண்டு காலடியிலேயே விழுந்தது. தோள் வீங்கியதுதான் மிச்சம். மூன்று நாளுக்குத்தான் அனுமதிச் சீட்டு. அதில் ஒரு நாள் போயிற்று. அவன் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

கரையோரம் இருந்த ஒரு கிழவர் கயிற்றை விரலில் உருட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். அது ஒற்றைக் கைக் கோலுக்கான கயிறாம்! எண் ஒன்றாக இருந்தாலும் கனம் வேறு. கயிற்றைக் 'கிரெயின்' கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின். ஒற்றைக் கை 10ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி 280 கிரெயின். இரட்டைக் கைக் கோலுக்கோ 600-க்கு மேல் வேண்டும். கனம் போதாமல் கோல் வளையவே இல்லை. வளையாத கோல் எதை எறியும்?

பால்வெட்டுக் கத்தியை அடுத்தவர் கைக்குப் பார்த்தா வாங்குகிறோம்? பெரியவர் சொன்னதும் அதுதான். முதற்கோல் 13 அடியிலிருந்து 14 அடிக்குள் போதும். எண் 8 அல்லது 9. பதினைந்து அடியெல்லாம் வீச்சு கைக்கு வந்தபிறகு, அகன்ற ஆற்றுக்கு. கயிற்றில் கனமான முன்பகுதி சுமார் 40 அடி இருந்தால் கற்பவருக்கு எளிது. பின்னால் மெல்லிய ஓட்டக்கயிறு. முன்பகுதி நீண்டால் அழகுதான். ஆனால் கற்க நாளாகும். அமெரிக்காவின் ஸ்காகிட் ஆற்றின் பெயரில் குட்டையான தடித்த கயிறு ஒன்றும் உண்டு. அது ஆழத்தில் அமிழும் கனத்த நுனியைத் தூக்குவதற்கு; முதலில் வேண்டாம். கோலுக்கு எத்தனை கிரெயின் என்று கேட்டுவிட்டுத்தான் கயிறு வாங்க வேண்டும். ரீலும் கோலைச் சமன்செய்யும் கனத்தில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், இரவல் வாங்கியாவது ஒரு நாள் வீசிப் பாருங்கள் என்றார்.

சொன்னதோடு நில்லாமல் தம் 13 அடிக் கோலையே கொடுத்தார். மறுநாள் மாலை கயிறு ஒரு முறை நேராக நீண்டு, சத்தமில்லாமல் எதிர்க்கரைப் பக்கம் போய் விழுந்தது. "மாமா, பார்த்தீர்களா!" என்று பையன் கத்திய கத்தலில் வாத்துகள் பறந்தன.

மீனா? மூன்று நாளும் ஒன்றும் இல்லை. அங்கே சால்மன் குறைந்து வருகிறது. 2023 டிசம்பரில் பிரிட்டன் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டார்கள். ஏப்ரல் முதல் தேதிக்கு முன் பிடிபட்டால் ஆற்றில் திரும்ப விடுவது சட்டம். அதற்குப் பிறகும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

15 அடிக் கோலை விற்றுவிட்டு 13 அடியாக வாங்கிய மருமகனுக்குச் செப்டம்பரில் ஒன்று சிக்கியது. தண்ணீரிலேயே பிடித்து, மூச்சு வரும்வரை தாங்கி, விட்டுவிட்டானாம். தொலைபேசியில் அதைக் கேட்ட என் அக்காள், "ஏன்டா, அந்த ஊரில் புளி கிடைக்காதா?" என்றார்.