சட்டைக்குள்ள ஒரு இரும்புச் சட்டை!

“விருந்துக்குத்தானே போற? அதுக்கு எதுக்குடி இரும்புச் சட்டை?”

ஜனவரி மாசம், வெள்ளிக்கிழமை ராத்திரி. வெளியே பனி கொட்டுது. அமெரிக்காவில் ஒரு யுனிவர்சிட்டி ஊர். ஒரு வீட்டு டைனிங் டேபிளைச் சுத்தி அஞ்சு பேர். நடுவுல ஆறிப்போன பீட்சா, பக்கத்துல இருபது முகம் வெச்ச ஒரு பகடை. கேள்வி கேட்டது என் ரூம்மேட் அக்கா, திருநெல்வேலிக்காரங்க. பதில் சொல்ல வேண்டியது நான்.

பயப்படாதீங்க, இது விளையாட்டு. பேரு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974-ல் வெளியானது. கதையை நடத்த ஒருத்தர் இருப்பார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டி.எம். மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டர். நம்ம ஊர்ல தாயம் உருட்டினா காய் நகரும். இங்கே பகடையை உருட்டினா கதை நகரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கேரக்டர் கயல். காட்டுல திரியற வேட்டைக்காரி. அடிபட்டுக் கிடந்தவளைத் தன் சத்திரத்துல வெச்சுக் காப்பாத்தின ஒரு பாட்டி, அவளை விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. அங்கே வர்ற ஒரு விருந்தாளி மேல எனக்குச் சந்தேகம். ஆயுதத்தை வாசல்லயே வெச்சுட்டுத்தான் உள்ளே போகணும். அதனால 50 தங்கக் காசு கொடுத்து ஒரு சங்கிலிச் சட்டை வாங்கினேன். குட்டிக் குட்டி இரும்பு வளையத்தைக் கோத்துச் செஞ்சது. அதுக்கு மேல பட்டு உடுப்பு!

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஐந்தாம் பதிப்பு விதிப்படி, சும்மா துணியோட போனா கயலோட தற்காப்பு எண் 12. சங்கிலிச் சட்டை போட்டா 15. இருபது முகப் பகடையில ஒரு எண்ணுக்கு 5 சதவிகிதம். ஆக, கத்தி நம்ம மேல படற வாய்ப்பு 15 சதவிகிதம் குறையுது. முழு இரும்புக் கவசம் போட்டா 18. ஆனா அதோட விலை 1500 காசு, எடை 65 பவுண்டு. அதைப் போட்டுக்கிட்டு மேல பட்டு கட்டினா, நடமாடும் பீரோ மாதிரிதான் இருக்கும்.

சங்கிலிச் சட்டை 20 பவுண்டுதான். நம்ம கணக்குல ஒன்பது கிலோ. துணிக்கு நடுவுல போடலாம், வளையம் உரசுற சத்தத்தை மேல்துணி அமுக்கிடும்னு 2014-ல் வந்த விதிப்புத்தகத்துலயே இருக்கு. அந்தப் பக்கத்தைத் திறந்து டி.எம். மூக்குக்கு நேரா நீட்டினேன்.

அவர் சிரிச்சார். “சத்தம் கேட்காது, சரி. கட்டிப் பிடிச்சா?”

அங்கேதான் மாட்டினேன்.

இது வெறும் விளையாட்டுச் சண்டை இல்ல பாஸ், வரலாற்றுலயும் உண்டு. 1478 ஏப்ரல் 26, ஃப்ளாரன்ஸ் நகரம். கியூலியானோ தெ மெதிச்சியைக் கொல்லப்போறவங்க, அவர் துணிக்குள்ள கவசம் இருக்கான்னு தெரிஞ்சுக்க, நண்பர்கள் மாதிரி கட்டிப்பிடிச்சுத் தடவிப் பார்த்தாங்களாம். இல்ல. கதீட்ரலுக்குள்ளேயே அவரைக் குத்திக் கொன்னாங்க. 1659-ல் பிரதாப்கட் அடிவாரத்துல அஃப்சல் கானைச் சந்திச்ச சிவாஜி, அங்கிக்கு உள்ளே இரும்பு வலைச் சட்டை போட்டிருந்தார். தழுவின கான் கத்தியை இறக்கினப்போ, அந்தச் சட்டைதான் காப்பாத்துச்சுன்னு மராட்டிய வரலாறு சொல்லுது.

ஆக, எதிரி கட்டிப்பிடிச்சா உள்ளே இரும்பு இருக்கிறது நல்லது. பிரியமானவங்க கட்டிப்பிடிச்சா?

சத்திரத்து வாசல்ல பாட்டி ஓடி வந்து கயலைக் கட்டிக்கிட்டாங்க. டி.எம். குரலை மாத்தினார். பாட்டியோட கை முதுகுல அப்படியே நின்னுடுச்சாம்.

“என் வீட்டுக்குச் சாப்பிட வர்றதுக்கு இரும்பைக் கட்டிக்கிட்டா வந்த?”

டேபிள்ல ஒருத்தரும் பேசலை. அன்னிக்கு விருந்துல ஒரு கத்தி கூட வெளியே வரலை. ஆனா அந்த விருந்தாளியைப் பத்திப் பாட்டி சொல்ல வெச்சிருந்த ரகசியம் எங்களுக்குக் கிடைக்கலை. 50 காசு தண்டம்!

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா எதுவும் பேசாம வந்தாங்க. குளிருக்கு நான் தெர்மல், அதுக்கு மேல சுடிதார், ஸ்வெட்டர், ஜாக்கெட்னு வெங்காயம் மாதிரி நடந்துட்டிருந்தேன். திடீர்னு கேட்டாங்க: “பாட்டியை விடு. எங்கிட்ட என்னடி மறைக்கிற? ஒரு மாசமா நீ சரியில்லையே?”

அழுதுட்டேன். கண்ணீர் கன்னத்துல சில்லுனு ஒட்டுச்சு.

முதல் செமஸ்டர்ல என் சராசரி 3.0-க்குக் கீழே போயிடுச்சு. இந்த செமஸ்டர்ல தேறலைன்னா படிப்பே போயிடும்னு டிபார்ட்மென்ட்ல இருந்து கடிதம். அதை அக்காகிட்ட சொல்லலை. வீட்டை அடமானம் வெச்சு லோன் வாங்கிக் கொடுத்த அப்பாகிட்டயும் சொல்லலை. வாரம் தவறாம போன்ல “சூப்பரா போகுதுப்பா!”

அக்கா திட்டலை. “திங்கட்கிழமை அட்வைசரைப் பார்க்கிறோம். ஒரு பாடத்தைக் குறைச்சுக்க முடியுமான்னு கேட்போம். நாளைக்கு அப்பாவுக்கு போன் பண்ணு”ன்னாங்க.

பண்ணினேன். எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

“தெரியும்மா, ஏதோ இருக்குன்னு. ஒரு மாசமா நீ ரொம்ப நல்லாப் பேசினே. எப்பவும் சாப்பாடு சரியில்ல, குளிருதுன்னு புலம்புவே. புலம்பலே இல்லையேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டே இருந்தேன்.”

வளையச் சத்தத்தைத் துணி அமுக்கிடும்னு புத்தகத்துல போட்டிருக்கு. அப்பா காதுக்கு அந்த விதி செல்லாது போல.

கவசமே தப்புன்னு சொல்ல வரலை. வகுப்புல என் இங்கிலீஷ் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறவங்க முன்னாடி இன்னிக்கும் இரும்பு மாட்டிக்கிட்டுத்தான் உட்கார்றேன். அது வேணும். ஆனா கட்டிப்பிடிக்க ஓடி வர்றவங்ககிட்ட மட்டும் முதல்லயே சொல்லிடணும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கயல் மறுபடியும் சத்திரத்துக்குப் போனா. வாசல்லயே சொன்னா: “பாட்டி, உள்ளே இரும்பு போட்டிருக்கேன். பயம் உங்க மேல இல்ல, உங்க விருந்தாளி மேல.”

டி.எம். கொஞ்சம் யோசிச்சார். பகடையைக்கூட உருட்டச் சொல்லலை.

“பாட்டி உன்னைச் சுவரோரமா உட்கார வைக்கிறாங்க, முதுகுப் பக்கம் யாரும் வர முடியாதபடி. ரெண்டு கரண்டி குழம்பு கூடவே ஊத்தறாங்க!”

படிப்பா? இன்னும் ஓடிட்டிருக்கு. இப்போ அப்பாகிட்ட தினமும் புலம்புறேன். அவர் நிம்மதியாத் தூங்குறாராம்!