நின்ற இயந்திரம் காரணம் சொல்லும்



பால் மரம் வெட்டிய கை உங்கள் வீட்டில் ஒன்றாவது இருந்திருக்கும். அம்மாவோ, பாட்டியோ, தாத்தாவோ விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர்களாக இருப்பார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பட்டையில் கத்தியை வைத்து இழுக்கும்போது உள்ளே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். அதற்கு மேல் ஆழம் போனால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாக வெட்டினால் பால் குறைவு. அந்த ஒரு மில்லிமீட்டரை அவர்கள் அளவுகோல் வைத்தா பார்த்தார்கள்? இல்லை, அது கைக்குத் தெரிந்த கணக்கு.

அப்படிப்பட்ட கை இல்லாத ஒரு வேலைக்காரனைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவன் பெயர் சி.என்.சி. இயந்திரம். கணினி எண்களைச் சொல்ல, அந்த எண்களின்படி மரத்தையோ இரும்பையோ வெட்டும் இயந்திரம் அது. எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு வேகம், எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் நாம்தான் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தந்தது சரியாக இருந்தால் சலிக்காமல் உழைக்கும். தவறாக இருந்தால் அந்தத் தவற்றையே சலிக்காமல் செய்யும்!

"தோட்டத்து மக்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்காதீர்கள். இன்று நம் பிள்ளைகளில் பலர் செனவாங்கிலும் நீலாயிலும் தொழிற்சாலைகளில் இந்த இயந்திரங்களுக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். நான் ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, செம்பனை ஆலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அக்காள் மகன் செனவாங்கில் பகல் வேலை முடிந்து வந்து, வீட்டின் பின்புறம் சிறு பட்டறை வைத்து, மரத்தில் எழுத்தும் கோலமும் செதுக்கும் சி.என்.சி. மேசை ஒன்றை ஓட்டுகிறான். பெயர்ப்பலகை, கல்யாணப் பலகை, சாமி அறைக் கதவு என்று வருகிற வேலையில்தான் வீட்டுக் கடனில் ஒரு பகுதி அடைபடுகிறது.

இந்த இயந்திரத்தின் கதை 1940-களின் கடைசியில் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான அளவுகளை எண்களாக எழுதி, அவற்றைக் கொண்டே இயந்திரத்தை நடத்தலாம் என்று யோசித்தார். 1952-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அப்படிப்பட்ட இயந்திரம் ஓடிக் காட்டப்பட்டது. பிறகு வந்த பல ஆண்டுகளுக்கு அதன் மூளையாகிய கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பெரிய நிறுவனங்களே செய்து விற்றன. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. பழுதென்றால் விற்றவரைத்தான் கூப்பிட வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் ஒரு மாறுதல் வந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் தர அளவைக் கழகம், இயந்திரங்களை நடத்தும் ஒரு மென்பொருளை எழுதியது. அந்நாட்டு அரசு ஊழியர்கள் பணியில் எழுதியவற்றுக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. ஆகவே அது பொதுச்சொத்தாயிற்று. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்னும் இலவச இயக்கமுறையின் மேல் அதை ஏற்றினார்கள். பல நாட்டுத் தொண்டர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். அதுதான் இன்று லினக்ஸ் சி.என்.சி. என்று வழங்குகிறது. இதைவிடச் சிறிய இயந்திரங்களுக்கு ஜி.ஆர்.பி.எல். என்று இன்னொன்று உண்டு. அது 2009-இல் நார்வே நாட்டுக்காரர் ஒருவர் தொடங்கியது; உள்ளங்கை அளவு மின்பலகையிலேயே ஓடும்.

இவற்றைத் திறந்த மூல மென்பொருள் என்கிறார்கள். குழம்பு வைத்துக் கொடுப்பது வேறு. செய்முறையையும் எழுதிக் கையில் கொடுப்பது வேறு அல்லவா? இது இரண்டாவது வகை. யாரும் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

இனி நடந்ததைக் கேளுங்கள். ஒரு கோயிலுக்குச் செதுக்க வேண்டிய இரட்டைக் கதவு வேலை மருமகனுக்கு வந்தது. மெராந்திப் பலகை; விலை குறைவில்லை. வேலை தொடங்கி இருபது நிமிடத்தில் இயந்திரம் தானாகவே நின்றுவிட்டது. திரும்ப ஓட்டினான், திரும்பவும் நின்றது. இயந்திரத்தை விற்றவர்களைத் தொலைபேசியில் கேட்டதற்கு, "கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றிவிடுங்கள், 1,800 வெள்ளி ஆகும்" என்றார்கள். கோயில் திறப்புக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அவன் முகம் வாடிப்போய் என்னிடம் வந்தான்.

"தம்பி, திரையில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டேன்.

"ஏதோ சிவப்பாக வந்தது மாமா. மூடிவிட்டு மறுபடி ஓட்டினேன்" என்றான்.

வாசகர்களே, நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்கிறோம். இயந்திரம் வாய் திறந்து சொல்வதைக் கேளாமல் அதன் வாயை மூடிவிடுகிறோம். அன்று மறுபடி ஓட்டச் சொன்னேன். நின்றதும் திரையில் வந்ததை எழுத்து பிசகாமல் ஒரு நோட்டில் எழுதவைத்தேன். எக்ஸ் அச்சு, அதாவது இடம் வலமாக நகரும் பாகம், தன் எல்லை விசையைத் தொட்டுவிட்டது என்று அது சொன்னது. எல்லை விசை என்பது மேசையின் ஓரத்தில் இருக்கும் சிறு சுவிட்ச். பாகம் வெளியே ஓடிவிடாமல் தடுக்கும் காவல்காரன்.

ஆனால் பாகம் நின்றதோ மேசையின் நட்டநடுவில்! ஓரத்துக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. ஆகக் காவல்காரன் யாரும் வராமலே மணியடிக்கிறான். ஏன்?

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். முதலில் பலகையை எடுத்துவிட்டு, வெட்டும் மோட்டாரையும் அணைத்துவிட்டு, அதே வேலையைக் காற்றில் ஓட்டினோம். நாற்பது நிமிடம் ஓடியது; நிற்கவில்லை. அப்படியானால் எழுதிக் கொடுத்த கட்டளைகளில் பிழையில்லை. நகர்த்தும் மோட்டார்களிலும் பழுது தெரியவில்லை. அடுத்து, பலகை இல்லாமலே வெட்டும் மோட்டாரை மட்டும் சுழலவிட்டு ஓட்டினோம். ஆறாவது நிமிடத்தில் நின்றது. மரத்தின் மேலும் குற்றமில்லை என்று தெரிந்தது. சந்தேகம் வெட்டும் மோட்டாரின் பக்கம் திரும்பியது.

இந்த இடத்தில்தான் திறந்த மென்பொருளின் அருமை விளங்கிற்று. லினக்ஸ் சி.என்.சி.யில் ஹால் என்றொரு பகுதி உண்டு. எந்த விசை எந்தக் கம்பி வழியாக எங்கே போகிறது என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். ஒவ்வொரு கம்பியிலும் அந்த நொடியில் என்ன ஓடுகிறது என்று திரையில் கோடாகப் பார்க்கவும் முடியும். மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் காட்டுகிறார்களே, அதைப் போல. எல்லை விசையின் கோட்டைப் பார்த்தோம். மோட்டார் அணைந்திருக்கும்போது கோடு அமைதியாக இருந்தது. மோட்டார் சுழன்றதும், விசையை யாரும் தொடாமலே, கோடு துள்ளித் துள்ளி விழுந்தது.

மூடியைக் கழற்றிப் பார்த்தால், எல்லை விசையின் மெல்லிய கம்பியும் வெட்டும் மோட்டாரின் தடித்த மின்கம்பியும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி எழுப்பும் மின்னிரைச்சல் பக்கத்துக் கம்பியில் ஏறி, பொய்ச் செய்தியைக் கொண்டுபோயிருக்கிறது. லயத்தில் பக்கத்து வீட்டுச் சண்டை நம் வீட்டுக்குள் கேட்பதில்லையா, அப்படித்தான்! இரண்டு கம்பிகளையும் பிரித்துத் தள்ளி வைத்தோம். எல்லை விசைக்கு உலோக உறை போட்ட கம்பி வாங்கி, உறையின் ஒரு முனையை மட்டும் நிலத்தொடர்பில் சேர்த்தோம். செலவு ஐம்பது வெள்ளிக்கும் குறைவு. கதவு வேலை நிற்காமல் ஓடியது. சொன்ன நாளுக்குள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

கணினியிலேயே ஒரு வடிகட்டியை எழுதி, சிறு துள்ளலைக் கவனிக்காதே என்று சொல்லவும் வழி உண்டு. மருமகன் அதைச் செய்யலாமா என்று கேட்டான். கம்பியைச் சரிசெய்யாமல் காவல்காரனின் காதைப் பொத்தக் கூடாது என்றேன். உண்மையிலேயே ஆபத்து வரும் நாளில் அந்த வடிகட்டி செய்தியைத் தாமதப்படுத்திவிடும் அல்லவா?

இந்த இயந்திரம் வைத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இன்னும் சில சொல்ல வேண்டும்.

அளவுக் கணக்கு: நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் சாதாரணமாக ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். டிரைவர் பெட்டியில் ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்தால் 1,600. திருகு தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தினால், 1,600-ஐ 5-ஆல் வகுக்க 320. இதுதான் ஒரு மில்லிமீட்டருக்கான அடிகள். 100 மில்லிமீட்டர் போகச் சொன்னால் 50 மட்டும் போகிறதா? கணினியில் எட்டு என்று எழுதியிருக்க, பெட்டியின் சுவிட்சு பதினாறில் இருக்கக்கூடும். அளவு சரியாகப் பாதி வருகிறதென்றால் கணக்கைப் பாருங்கள். ஒருநாள் ஒருவிதமாகக் கொஞ்சம் கொஞ்சம் பிசகினால் தளர்ந்த திருகாணியைத் தேடுங்கள்.

தாளம்: தப்பு அடிப்பவர் தாளம் தப்பினால் ஆடுபவரின் கால் இடறும். மோட்டாரும் கணினி அனுப்பும் துடிப்புக்குத்தான் அடியெடுத்து வைக்கிறது. பழைய கணினியின் அச்சுப்பொறி இணைப்பிலிருந்து நேராகத் துடிப்பு அனுப்புவோர், லினக்ஸ் சி.என்.சி.யிலேயே உள்ள தாமதச் சோதனையை முதலில் ஓட்ட வேண்டும். ஓடும்போது கோப்புகளை நகலெடுத்து, படங்களைத் திறந்து, கணினியைச் சிரமப்படுத்திப் பாருங்கள். தாமதம் 20,000 நானோ நொடிக்குள் இருந்தால் நல்லது. லட்சத்தைத் தாண்டினால் அந்தக் கணினி இந்த வகை வேலைக்கு ஆகாது. மின்சிக்கன ஏற்பாடுகளை நிறுத்தினால் சில கணினிகள் தேறிவிடும்.

ஜி.ஆர்.பி.எல். வைத்திருப்போர்: இரண்டு டாலர் குறியைத் தட்டினால் எல்லா அமைப்புகளும் எண்களோடு வரிசையாக வரும். முதல் வேலையாக அவற்றை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 'அலாரம் 1' என்று வந்தால் எல்லை விசை இழுபட்டிருக்கிறது என்று பொருள். காரணம் தெரியாமல் பூட்டை விடுவித்து ஓட்டாதீர்கள்.

எதை மாற்றினாலும் அதற்கு முன் அமைப்புக் கோப்புகளின் நகலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் சி.என்.சி.யில் அவை வெறும் எழுத்துக் கோப்புகளே. மாற்றம் கெடுத்துவிட்டால் பழையதற்குத் திரும்ப ஒரு நிமிடம் போதும்.

வீட்டில் உள்ள தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இயந்திரம் வாங்கினால், "அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே?" என்று முதலில் கேளுங்கள். அந்தச் சிவப்புப் பொத்தான் கணினியிடம் கெஞ்சுவதாக இருக்கக் கூடாது. கணினி உறைந்து போனாலும் மோட்டார்களுக்குப் போகும் மின்சாரத்தைத் தானே துண்டிப்பதாக இருக்க வேண்டும். எல்லை விசைகளும், கம்பி அறுந்தால் இயந்திரம் நிற்கும்படி இணைக்கப்பட்டிருக்க வேண்டும். சுழலும் கத்திக்குப் பக்கத்தில் துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், கையுறை மூன்றும் ஆகாது.

நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் ஆலையின் எஞ்சின் அறைக்கதவு எங்களுக்குச் சாத்தியே இருந்தது. எண்ணெய் துடைக்கத்தான் உள்ளே போகலாம். ஏன் ஓடுகிறது என்று கேட்க முடியாது. கேட்காமலே பழகிப்போனதால்தான், யாரோ ஒருவர் 1,800 வெள்ளி என்றதும் நமக்குக் கேள்வி பிறக்காமல் கை தானாகப் பணப்பையைத் தேடுகிறது. இன்று இந்தக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே போய்ப் படிக்கக் காசு தேவையில்லை. பொறுமையும் ஒரு நோட்டும் போதும்.

ஆகவே, உங்கள் மகனோ மகளோ நின்றுபோன இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தால், "நேரத்தை வீணாக்காதே" என்று அதட்டாதீர்கள். ஒரு கோப்பைக் காப்பி கலந்து பக்கத்தில் வையுங்கள். முடிந்தால் நீங்களும் உட்கார்ந்து, அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.