பவானிசாகர்: ஒரே 10 சென்ட், மூன்று கணக்கு

சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி பவானிசாகரில் இறங்கினால், முதலில் மீன் வாசம்தான் வரவேற்கிறது. அணைப் பூங்கா பக்கம் வரிசையாக மீன் வறுவல் கடைகள். சாப்பிட்டு, பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். 1955-ல் கட்டி முடித்த இந்த அணைக்குக் கீழே மீன்வளத்துறையின் குஞ்சுப் பண்ணை இருப்பது பலருக்குத் தெரியாது.

நான் போனது, பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்காக: 'அரை ஏக்கரில் 10,000 குஞ்சு விடலாமா?' பக்கத்தில் சொந்தமாகக் குஞ்சு வளர்க்கும் ஒரு தம்பதியிடம் அதையே கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "எந்த வயசுக் குஞ்சுங்க? அதைச் சொல்லாம எண்ணிக்கை சொல்ல முடியாதுங்களே."

முதல் குளம் 10 சென்ட். பொரித்து மூன்று நாளான நுண்குஞ்சுகள். கண் மட்டும் கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறது. இதில் ஒன்றேகால் லட்சம் முதல் 2 லட்சம் வரை விடலாம். 15, 20 நாளில் ஓர் அங்குலம் வந்துவிடும். நூற்றுக்கு 30, 40 தேறினாலே நல்ல விளைச்சல்தான். அடுத்த குளமும் 10 சென்ட்தான். ஆனால், அந்த ஓர் அங்குலக் குஞ்சில் 8,000 முதல் 12,000தான் விட முடியும். இரண்டு, மூன்று மாதத்தில் அவை விரலிகளாகும். விரலியை விட்டு கறிமீனாக வளர்க்கும் குளத்துக்கோ, அதே 10 சென்ட்டில் 200 முதல் 400 போதும்.

'எப்படியும் பாதி சாகும், கூட விடுவோம்' என்கிற கணக்குதான் கெடுக்கிறது. சாகாதவையும் தலை பெருத்து, உடல் சிறுத்து நின்றுவிடும்.

இரை விஷயத்தில் அந்த அண்ணன் நிறையப் பேசினார். மூன்றாம் நாளுக்குமேல் வயிற்றில் இருக்கும் கருவுணவு தீர்ந்துவிடும். அப்போது தண்ணீரில் மிதவை உயிர்கள் தயாராக இருக்க வேண்டும். அதற்காக 10 சென்ட்டுக்குக் கடலைப் புண்ணாக்கு 30 கிலோ, பச்சைச் சாணம் 8 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ. இதில் பாதியைக் கூழாகக் கரைத்து, குஞ்சு விடுவதற்கு இரண்டு, மூன்று நாள் முன்பே ஊற்றிவிடுகிறார். மீதி, பிறகு இரண்டு, மூன்று தவணையாக.

"தவிடு அப்புறம்தானுங்க. முதல் சோறு இந்தத் தண்ணிதான்."

கைத்தீவனம், பொடித்துச் சலித்த கடலைப் புண்ணாக்கும் தவிடும் சம அளவு. லட்சம் நுண்குஞ்சுக்கு முதல் 5 நாள் தினமும் 600 கிராம், பிறகு 1.2 கிலோ. வளரவில்லையே என்று அள்ளிக் கொட்டினால் அடியில் அழுகி, தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். விடியற்காலையில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அன்றைக்குத் தீவனத்தை நிறுத்திப் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

கேள்வி கேட்டவர்களுக்கு: காற்றூட்டும் கருவி இல்லாத அரை ஏக்கரில் 1,000 முதல் 2,000 விரலிகள். 3, 4 அங்குல விரலிக்கு விலை கூடுதல்தான். எனக்கென்னவோ, மலிவாக 10,000 பொடிக்குஞ்சு வாங்குவதைவிட இதுவே லாபம். முந்தைய நாள் பட்டினி போட்ட குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள். வயிறு காலியாக இருந்தால்தான் பையில் இருக்கும் தண்ணீர் கெடாது. குளத்தில் விடும்முன் பையை 15, 20 நிமிடம் தண்ணீரில் மிதக்க விட்டு, பிறகு வாயை அவிழ்த்து, அவை தாமாக நீந்தி வெளியேற விடுங்கள்.