பாம்பன் கரையில் உளியோசை

வைகாசியில் பாம்பன் கடற்கரைக்குச் சென்றால் அலையோசையுடன் உளியோசையும் கேட்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுகளைச் செப்பனிட அதுவே சமயம்.

ஒரு பழைய மரப்படகின் தளப்பலகையை ஓடாவி பெயர்த்துக்கொண்டிருந்தார். அது செல்லரித்த ஏடுபோல் உதிர்ந்தது.

"உப்புநீரின் கொடுமை!" என்றேன்.

"இல்லை ஐயா. உப்பு மரத்தை எளிதில் அழுகவிடாது. காற்றுப் புகாத அடித்தளத்தில் தேங்கும் மழைநீர்தான் சத்துரு."

"மேலே புதுப் பலகை அடித்தால் போதாதா?" என்று கேட்டான் படகுக்காரன்.

"வங்கு உளுத்திருந்தால் ஆணி எதைப் பற்றும், தம்பி?"

உளிப்பிடியால் தட்டிக்கொண்டே போய், 'கணீர்' என்று ஓசை எழுந்த இடத்தில்தான் வெட்டுவதை நிறுத்தினார். நடுக்கடலில் காலூன்றும் நிலம் அந்தப் பலகையல்லவா? படகுக்காரன் மறுபேச்சின்றி மரம் வாங்கப் புறப்பட்டான்.