வியாழக்கிழமைகள்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து திரும்புகையில், இவ்வூருக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, இந்தச் சம்பளத்தில், மொழி தெரியாத ஊரில், குடும்பத்தோடு இன்பமாக இருக்க முடியுமா?" என்று கேட்டார். அவருக்குத் திருமணமாகி நான்கு மாதந்தான் ஆகிறது. நடைபாதையில் நின்றபடியே விடை சொல்லக்கூடிய கேள்வியாக அது தோன்றவில்லை. "எழுதித் தருகிறேன், தம்பி" என்று சொல்லி வந்தேன். அந்த விடைதான் இது.

நான் ரயில்வேயில் ஓர் எழுத்தன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தேர்வு எழுதித் தேறி, ஹௌராவில் பார்சல் அலுவலகத்தில் அமர்ந்தேன். சொந்த ஊர் லால்குடிக்கு அருகே, கொள்ளிடக்கரை. 2016-ஆம் ஆண்டு திருமணமானதும் மனைவியை அழைத்து வந்து, சாந்த்ராகாச்சியில் ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸில் குடி புகுந்தேன். 2001 முதல் 'கொல்கத்தா' என்று பெயர் மாறியிருந்தாலும், நம்மவர் வாயில் இன்றும் இது கல்கத்தாதான். சென்னையிலிருந்து சுமார் 1,660 கிலோமீட்டர். வாசலில் வந்து நிற்கும் காய்கறிக்காரனிடம் பேச ஒரு சொல்லும் இல்லாத என் மனைவிக்கு, அது இன்னும் பெரிய தூரமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அது அப்போது தெரியவில்லை.

பார்சல் அலுவலகத்தில் இரவு பகல் என்று மாறி மாறி வேலை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. எனக்கு வாய்த்தது வியாழக்கிழமை. அந்த நாளை நான் தூங்கியே கழித்தேன். உழைத்தவன் உறங்குவதில் குற்றம் என்ன என்பது என் கட்சி. ஏறக்குறைய ஓர் ஆண்டு இப்படியே போயிற்று. ஒரு வியாழக்கிழமை மாலை நான் எழுந்து வந்தபோது, அவள் சன்னலருகே உட்கார்ந்திருந்தாள். அழுத முகம்.

"உங்களுக்கு இந்த ஊரில் ஓர் ஆபீசாவது தெரியும். எனக்கு இந்தச் சன்னல் ஒன்றுதான் தெரியும்" என்றாள்.

அவள் கோபித்திருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவ்வளவு அமைதியாகச் சொன்னதால் வாயடைத்துப் போனேன். மறுநாளே அலுவலகத்தில், தெற்கு ரயில்வேக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். சொந்த வேண்டுகோளின் பேரில் வேறு ரயில்வேக்குப் போகிறவன் அங்கே பணிமூப்பில் கடைசி ஆளாகச் சேர வேண்டும். இடம் காலியாகும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அதுவரை என்ன செய்வது? அதற்கு அடுத்த வியாழக்கிழமை நான் தூங்கவில்லை.

முதலில் ஆலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்குத்தான் அழைத்துப் போனேன். 1876-இல் திறந்த புகழ்பெற்ற இடமாயிற்றே! போய்ப் பார்த்தால் கதவு பூட்டிக் கிடந்தது. அதற்கும் வியாழக்கிழமைதான் வார விடுமுறை! "உங்களுக்கும் உள்ளே இருக்கிற யானைக்கும் ஒரே நாளில் ஓய்வு போலிருக்கிறது" என்று அவள் சிரித்தாள். இவ்வூருக்கு வந்தபின் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

திரும்பும் வழியில், வெறுங்கையோடு வீடு போக மனமின்றி, பாபுகாட் துறையில் ஹௌராவுக்குப் படகு ஏறினோம். கட்டணம் மிகச் சொற்பம். நடு ஆற்றில் அவள் என் கையைப் பிடித்து, "அங்கே பாருங்கள், ஆறு திரும்பிப் போகிறது!" என்றாள். உண்மைதான். ஆகாயத்தாமரைக் கொத்துகள் கடலை நோக்கிச் செல்லாமல் வடக்கு நோக்கி மிதந்து கொண்டிருந்தன. கடல் பொங்கும் நேரத்தில் ஹூக்ளி ஆறு எதிர்த் திசையில் ஓடும். ஒரு திசையிலேயே ஓடும் கொள்ளிடத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது பெரிய அதிசயம். அத்தனை நாள் அந்த ஆற்றின் அருகிலேயே வேலை பார்த்த நான் அதைக் கவனித்ததே இல்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. காலியான ஹார்லிக்ஸ் டப்பா ஒன்றில் மாதச் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகை. அதற்கு மேல் ஒரு காசும் கிடையாது. காலையில் புளியோதரையோ தயிர்சாதமோ கட்டிக்கொள்வது. தேநீர் மட்டும் வெளியில், மண் குவளையில். போன இடம், செலவு, எந்த வண்டியில் ஏற வேண்டும் என்பதையெல்லாம் அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பாள். எழுத்தன் நான், ஆனால் கணக்கு அவளுடையது.

எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் சிப்பூர் தாவரவியல் பூங்கா. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து தொலைவில்லை. 1787-இல் ராபர்ட் கிட் என்னும் வெள்ளைக்காரத் தளபதியின் முயற்சியால் தோன்றியது. அங்குள்ள பெரிய ஆலமரத்தை ஒரு தனி மரம் என்று சொன்னால் நம்ப முடியாது. தோப்பு போல் பரந்து நிற்கிறது. 1864-இலும் 1867-இலும் அடித்த புயல்களில் அது சேதமுற்றது. பிறகு நடுமரத்தைக் காளான் அரித்துவிட்டதால், 1925-இல் அந்த அடிமரத்தையே வெட்டி அகற்றிவிட்டார்கள். இன்று விழுதுகளே மரத்தைத் தாங்கி வளர்க்கின்றன. இதை நான் பலகையில் படித்துச் சொன்னபோது, அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "விழுது இறங்கின இடத்தில் மண் கொஞ்சம் இளகிக் கொடுத்திருக்கிறது" என்றாள். அவ்வளவுதான். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

மண் இளகத்தான் செய்தது. வங்காளி அண்டை வீட்டு அம்மாள் அவளைச் சந்தைக்கு அழைத்துப் போனார். முருங்கைக்காய்க்கு 'ஷொஜ்னே டாட்டா' என்று பெயர் தெரிந்தது. காப்பிப் பொடியும் வாழையிலையும் வேண்டுமானால் நம்மவர் நிறைந்த லேக் மார்க்கெட்டுக்குப் போகலாம் என்பது தெரிந்தது. 2018-இல் எங்கள் பெண் பிறந்தாள். அவளுக்கு நடை பழகிய பின், குளிர்காலம் வந்தால் சாந்த்ராகாச்சி ஏரிக்கரையே எங்கள் பூங்கா. ஆயிரக்கணக்கில் வாத்துகள் வந்து இறங்கும். சீழ்க்கை அடிப்பது போல் கூவும். குழந்தை அவற்றை எண்ணத் தொடங்கி, இருபதுக்கு மேல் எண் தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். செலவு: வேர்க்கடலை ஒரு பொட்டலம்.

2022-இல் என் தந்தையார் காலமானார். மறு ஆண்டு மார்கழியில் அம்மாவை இரண்டு மாதம் இங்கே அழைத்து வந்து வைத்திருந்தோம். அம்மாவுக்கு ஊர் சுற்றிக் காட்டியவள் என் மனைவிதான். ராணி ராஸ்மணி 1855-இல் கட்டிய தட்சிணேசுவரம் காளி கோயிலுக்கு மாமியாரையும் குழந்தையையும் அவளே அழைத்துச் சென்றாள். எனக்கு அன்று வேலை. மாலையில் வந்த அம்மா சொன்னார்: "வழியில் யாரோ ஒருவன் இவளிடம் வழி கேட்டானடா. 'ஷோஜா, தார்போர் டான் திகே' என்று கை நீட்டிச் சொல்கிறாள்! நேரே போய்ப் பிறகு வலப்பக்கமாம். ஊரே இவளுடையது போலிருக்கிறது." சன்னல் ஒன்றுதான் தெரியும் என்று அழுதவள் அவள். எனக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை, மகிழ்ச்சியினால்.

அம்மா புதுப் பேரீச்சவெல்லத்தை விரும்பிச் சாப்பிட்டார். படகில் ஏறிக் களித்தார். ஆனால், "இங்கேயே இருந்துவிடுங்கள் அத்தை" என்று என் மனைவி எத்தனை மன்றாடியும் கேட்கவில்லை. "கொள்ளிடக்கரையில்தான் என் கட்டை வேக வேண்டும்" என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார்.

2017-இல் கொடுத்த விண்ணப்பத்துக்கு, 2025-ஆம் ஆண்டு இறுதியில் உத்தரவு வந்தது. தாளை அவளிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள்.

"எட்டு வருஷத்துக்கு முன்னே வந்திருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன்."

"வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். இங்கே இருந்தால் பணிமூப்பும் போகாது" என்றேன். அப்படிச் சொன்னது பாதி எனக்காகவும்தான்.

அவள் தலையை அசைத்தாள். "அத்தை அங்கே தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கும்போது, நமக்கு இங்கே படகு இனிக்குமா? போவோம். இந்த ஊரை எனக்கு நீங்கள் காட்டினீர்கள். கொள்ளிடத்தை உங்கள் பெண்ணுக்கு நான் காட்டுகிறேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக் கொண்டாள். வருவதற்கு அழுதவள் போவதற்கும் அழுதாள். இந்த இரண்டாவது அழுகையை ஒரு குமாஸ்தாவின் பெருஞ்செல்வம் என்று நான் எண்ணிக் கொண்டிருக்கிறேன்.

புறப்படுமுன் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் விடுமுறையெல்லாம் ஆண்டுதோறும் ஊருக்குப் போய் வரவே சரியாகிவிடும். இம்முறை ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்தேன். ஒன்பது ஆண்டுகளாகப் பூட்டிய கதவையே கண்ட ஆலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்கு மூவரும் போனோம். யானையைக் கண்டதும் என் பெண், "அப்பா, இதற்கு நாளைக்கு லீவா?" என்று கேட்டாள். தாயும் மகளும் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த வங்காளிக் குடும்பமும் காரணம் தெரியாமலே சிரித்தது.

தம்பி, இதுதான் என் விடை. 2024 மார்ச் முதல் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. 45 விநாடியில் அக்கரை சேர்த்துவிடும். அதில் ஒரு முறை குழந்தைக்காகப் போனோம். என் மனைவிக்குப் படகுதான் பிடிக்கும்; அதில் ஆறு தெரிகிறது. நீங்கள் எதில் வேண்டுமானாலும் போங்கள். பணம் குறைவாக இருப்பது பெரிய குறையன்று. உங்கள் ஓய்வு நாளைத் தூக்கத்துக்கே முழுதும் கொடுத்துவிடாதீர்கள். நாள் முழுவதும் நான்கு சுவர்களுக்குள் காத்திருக்கும் ஒருவருக்கு அதில் பாதியாவது உரியது.

அடுத்த மாதம் நாங்கள் புறப்படுகிறோம். இத்தனை ஆண்டுகள் பொங்கலுக்கும் சித்திரைக்கும் எங்களை உறவாக அணைத்துக் கொண்ட சங்கத்தாருக்கு எங்கள் வணக்கம். என் மனைவியின் நோட்டுப் புத்தகத்தை உங்கள் இல்லத்தரசியிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பெற்றுக் கொள்ளுங்கள். அவரையும் அழைத்து வாருங்கள். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: வியாழக்கிழமை ஆலிப்பூருக்குப் போக வேண்டாம்.