ஆன்லைன்ல டிகிரி சேர்ந்துட்டு பாதியில நிக்குற தம்பி, தங்கைகளுக்கு

1/ எங்க வார்டுல தூய்மைப் பணி செய்யுற அக்கா ஒருத்தர், போன மாசம் அவங்க பொண்ணை ஓபிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. "தினமும் தலைவலிங்குது சார். என்னன்னு பாருங்க." (ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன்.)

2/ பிபி நார்மல். ரத்த சோகை இல்ல. கண் ஓபியிலயும் பார்த்தாச்சு, பவர் இல்ல. அம்மாவை வெளிய உட்கார வெச்சுட்டுப் பேசினப்புறம்தான் விஷயம் வந்துச்சு. ஆன்லைன்ல பி.காம் முதல் வருஷம். பகல்ல ஜவுளிக்கடை வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல படுத்துக்கிட்டே போன்ல வீடியோ. ஆறு வாரப் பாடம் பாக்கி.

3/ "பார்க்குறேன் சார், ஆனா எதுவும் மண்டையில ஏறல. நின்னுடலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. தண்டல் வாங்கி ஃபீஸ் கட்டினாங்க."

தலைவலி எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சிடுச்சு.

4/ எனக்கும் இது நடந்திருக்கு. 2021-ல கோவிட் டூட்டிக்கு நடுவுல என்பிடெல்ல ஒரு 12 வாரக் கோர்ஸ் சேர்ந்தேன். 1000 ரூபா பரீட்சைக் கட்டணமும் கட்டினேன். வீடியோவை ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டேன். எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருந்துச்சு. மூணாவது வார அசைன்மென்ட்ல மாட்டினேன். நாலாவது வாரம் உள்ளயே போகல. பரீட்சைக்கும் போகல. இன்னைக்குத்தான் வெளிய சொல்றேன்.

5/ காலேஜுக்கு நாலு நாள் போகலைன்னா யாராவது ரூம் கதவைத் தட்டுவாங்க. ஆன்லைன்ல நின்னுட்டா, நின்னதே யாருக்கும் தெரியாது.

காசநோய்க்கு ஆறு மாச மருந்து. ரெண்டாவது மாசம் இருமல் நின்னதும் நிறைய பேர் மாத்திரையை விட்டுடுவாங்க. அதுக்குத்தான் டாட்ஸ் முறை வந்துச்சு. கண் முன்னாடி மாத்திரை போட வைக்க ஒரு ஆள். அந்த ஆள் டாக்டரா இருக்கணும்னு இல்ல. அங்கன்வாடி அக்காவா இருந்தாலும் போதும்.

6/ பாப்பாவுக்கு நான் எழுதின சீட்டு:

• படுத்துக்கிட்டுப் பார்க்காதே. ஒரே இடம், ஒரே நேரம். வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி 45 நிமிஷம்.

• 15 நிமிஷம் பாரு, நிறுத்து. நோட்டை மூடிட்டு ஞாபகத்துல இருந்து எழுது. ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு உளவியலாளர்கள் 2006-ல இதைச் சோதிச்சாங்க. திரும்பத் திரும்பப் படிச்சவங்களை விட, நினைவுகூர்ந்து எழுதினவங்களுக்குத்தான் ஒரு வாரம் கழிச்சு அதிகம் ஞாபகம் இருந்துச்சு.

• 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்துல இருக்குறதை 20 விநாடி பாரு. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுறது குறையும். எரிச்சல் அதனாலதான்.

• ஆறு வாரப் பாக்கியையும் முடிச்சுட்டுத்தான் தொடங்கணும்னு நினைக்காதே. இந்த வாரப் பாடத்தை ஆரம்பி. ஞாயித்துக்கிழமை ஒரு பழைய வாரம். கணக்குப் பதிவியல் மட்டும் முதல்ல இருந்து வா.

• உனக்குன்னு ஒரு டாட்ஸ் ஆள்.

7/ "அதுக்கு யாரு சார் இருக்காங்க?"
"உங்க அம்மா."
"அம்மா அஞ்சாவதுதான் சார்."
"அதனாலதான் சொல்றேன். அவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்ல வந்துட்டா, உனக்குப் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

அம்மாவை உள்ள கூப்பிட்டோம். ஆறு வாரப் பாக்கியை அவளே சொன்னா. அக்கா திட்டல. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்பவே சொல்லியிருக்கலாம்ல"ன்னாங்க. அவ்ளோதான்.

8/ நேத்து நைட் டூட்டி. அக்கா வந்து, "வரவு, பற்றுன்னு என்னமோ சொல்லிக் குடுத்துச்சு சார். தண்டல் அட்டையை எடுத்து ரெண்டு பேரும் கூட்டிப் பார்த்தோம். எட்டு நாள் கட்டினதை அந்த ஆளு வரவே வெக்கல!"

தலைவலி? "இன்னும் இருக்கு சார். முன்ன மாதிரி இல்ல."

9/ புதுசா சேரப் போறவங்க, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கான்னு யுஜிசியோட டிஇபி தளத்துல பாருங்க. அனுமதி உள்ள ஆன்லைன் டிகிரி, நேர்ல போய்ப் படிக்கிற டிகிரிக்குச் சமம்னு யுஜிசி 2022-லயே சொல்லியிருக்கு.

ஏற்கெனவே சேர்ந்து நின்னு போனவங்க, இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு ஆள்கிட்ட "நான் பின்தங்கிட்டேன்"னு சொல்லிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

நானும் அதே கோர்ஸ்ல திரும்பச் சேர்ந்திருக்கேன். ரெண்டாவது வாரம் ஓடுது. என்னோட டாட்ஸ் ஆள், வீட்டம்மா. 🙏