தட்டாத கதவு

சென்ற கோடை விடுமுறையில் நம் பங்கின் வாலிபர் சிலரை அழைத்துக்கொண்டு செஞ்சிப் பகுதிக்குச் சென்றிருந்தோம். காலையில் கோட்டையைப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் தளவானூர் வந்து சேர்ந்தோம். அங்கே பாறைக் குன்றொன்றில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சிவன் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தது. சத்துருமல்லன், அதாவது பகைவரோடு பொருதும் மல்லன், என்பது அம்மன்னனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. அதனால் இக்கோயிலுக்குச் சத்துருமல்லேசுவரம் என்று பெயர். தூண்களுக்கு மேலே மகர தோரணம், இருபுறமும் வாயிற்காவலர் சிலைகள், உள்ளே இருள்.

அந்த இருளை உற்று நோக்கியவாறே கல்லூரியில் பயிலும் ஒரு தம்பி கேட்டான்: "சாமி, இங்கேயும் ஏதாவது இரகசியக் கூட்டம் இருந்திருக்குமா? நான் விளையாடும் கேமில் இப்படி ஒரு குகை வரும்."

அது என்ன விளையாட்டு என்று விசாரித்தோம். 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலா' என்பது 2020-இல் வெளிவந்த கணினி விளையாட்டு. கடலோடிக் கொள்ளையரான வைக்கிங்குகளின் காலம் அதன் களம். 2021-இல் அதனுடன் சேர்ந்த ஒரு பகுதி அயர்லாந்து நாட்டைப் பற்றியது. அங்கே 'தானுவின் மக்கள்' என்றொரு மறைவான கூட்டம். பழைய ஐரிஷ் புராணத்துத் தெய்வமான தானுவின் பெயரைச் சூட்டிக்கொண்டு, முகமூடி அணிந்து, கிறிஸ்தவ அரசனுக்கு எதிராகச் சதி செய்கிறது. டிரூயிட்கள் எனப்படும் பண்டைப் பூசாரிகளின் வழிவந்தோராக அவர்களைக் காட்டுகிறார்கள். ஆடுபவர் தடயங்களைச் சேர்த்து, ஒவ்வொருவராக அடையாளம் கண்டு கொல்ல வேண்டும்.

"டிரூயிட்கள் அவ்வளவு கொடியவர்களா, சாமி?" என்று அவன் கேட்டான். அக்கேள்விக்கு அன்று அரைகுறையாகவே விடை சொன்னோம். முழு விடையை இங்கே எழுத முற்படுகிறோம். ஏனெனில் அது நம் குற்றம் ஒன்றையும் தொடுகிறது.

டிரூயிட்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி ஜூலியஸ் சீசர் எழுதி வைத்ததிலிருந்து வந்தது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், இன்றைய பிரான்சு நாட்டை வாளால் வென்ற தளபதி அவர். டிரூயிட்களுள் சிலர் இருபது ஆண்டுகள் வரை பாடம் கேட்பர் என்றும், தம் மறையை எழுதி வைப்பது தகாது எனக் கருதினர் என்றும் அவரே கூறுகிறார். மனிதரைக் கொம்புகளால் பின்னிய பேருருவங்களுக்குள் அடைத்து எரித்தனர் என்றும் எழுதுகிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எழுதியவர் யார்? அவர்கள் நாட்டைப் பறித்தவர். அவர்களோ தம் பக்கத்து நியாயத்தை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. மேலும், வைக்கிங்குகள் அயர்லாந்தை முதலில் தாக்கிய 795-ஆம் ஆண்டளவில், புனித பத்திரிசியார் காலம் தொட்டே அங்கே கிறிஸ்தவம் வேரூன்றியிருந்தது. டிரூயிட்கள் தம் பழைய செல்வாக்கை இழந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. முகமூடிக் கூட்டம் விளையாட்டுக்காரர் கற்பனை.

கடல்கடந்த கதை எதற்கு? தளவானூர்க் குகையைக் குடைவித்த மன்னன் காலத்திலேயே இத்தகைய கூட்டம் ஒன்று நம்மிடையே இருந்தது. காபாலிகர் என்பது அவர்கள் பெயர். பிரமனின் தலையைக் கொய்த பைரவர் மண்டையோடு ஏந்தி இரந்து திரிந்தார் என்பது புராணம். அதையே தம் விரதமாகக் கொண்டு, சாம்பல் பூசி, மண்டையோட்டில் பிச்சை ஏற்றுச் சுடுகாட்டில் திரிந்த துறவியர் அவர்கள். அவர்களைப் பற்றிப் பொதுமக்கள் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் பிறர் எழுதிய நாடகங்களாலும் கதைகளாலும் வந்ததே. எட்டாம் நூற்றாண்டில் பவபூதி எழுதிய வடமொழி நாடகத்தில், கன்னியைப் பலியிடத் துணிபவன் ஒரு காபாலிகன். நம் நாளில் கல்கி எழுதிய 'பார்த்திபன் கனவு' நாவலிலும் நரபலிக்காரர்கள் அவர்களே. நம்மில் எத்தனை பேர் சிறுவயதில் அந்தக் கபால பைரவரை நினைத்து உறங்காமல் கிடந்திருப்போம்!

மகேந்திரவர்மனும் காபாலிகரை வைத்து ஒரு நாடகம் எழுதினான். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் அந்த வடமொழி அங்கத நாடகம் 1917-இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. காஞ்சி நகரில் குடிமயக்கத்தில் திரியும் சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். வழியே வந்த பௌத்த பிக்கு நாகசேனன் தன் மேலாடைக்குள் எதையோ மறைத்துச் செல்வதைக் கண்டு, "இவனே திருடன்!" என்கிறான். பிக்கு தன் பாத்திரத்தை எடுத்துக் காட்டுகிறான். அதன் நிறம் வேறு, வடிவம் வேறு. ஆயினும் சந்தேகம் தீரவில்லை. நிறத்தை மாற்றிவிட்டான் என்று புதுப்பழி எழுகிறது. முடிவில் கபாலம் ஒரு பித்தனிடம் அகப்படுகிறது. இறைச்சி வாசத்துக்காக அதைக் கவ்விச் சென்றது ஒரு நாய்! ஊரார் அஞ்சும் காபாலிகனே தன்னைப் போன்ற இன்னொரு துறவியின்மேல் ஐயம் கொள்கிறான். மறைத்து வைத்திருக்கிறான் என்பதே போதிய சான்றாகிவிடுகிறது. மன்னன் சிரிக்க எழுதினான். நமக்கோ சிரிப்பு வரவில்லை.

குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த காலம் நினைவுக்கு வருகிறது. நம் முன்னோரும் ஒருகாலத்தில் இரகசியக் கூட்டமே. விடியுமுன் கூடினர், கதவை அடைத்துக்கொண்டு விருந்து உண்டனர். உரோமை மக்கள் என்ன சொன்னார்கள்? குழந்தையைக் கொன்று தின்கிறார்கள் என்றார்கள். 197-ஆம் ஆண்டில் தெர்த்துல்லியன் எழுதிய மறுப்புரை இப்பழிகளை ஒவ்வொன்றாக எடுத்து உடைக்கிறது. அதற்கு முன்பே, ஏறத்தாழ 112-இல், பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, திருச்சபைப் பணியாளராயிருந்த இரு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். பேரரசர் திராயானுக்கு அவர் எழுதிய மடலில், மிதமிஞ்சிய மூடநம்பிக்கையைத் தவிர வேறெதையும் காணவில்லை என்றும், அவர்கள் உண்பது சாதாரணமான, தீங்கற்ற உணவே எனத் தெரியவந்தது என்றும் குறிப்பிடுகிறார்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நமக்குப் பெருமை. நிறுத்துவது நேர்மையாகாது. அதிகாரம் நம் கைக்கு வந்தபின், நம்மீது சுமத்தப்பட்ட அதே பழியை நாம் பிறர்மீது சுமத்தினோம். 1475-இல் இத்தாலியின் திரெந்து நகரில் சீமோன் என்னும் சிறுவன் இறந்து கிடந்தான். யூதர்கள் தம் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று சொல்லி, வதைத்து ஒப்புக்கொள்ள வைத்து, பலரைக் கொன்றார்கள். அச்சிறுவனை நூற்றாண்டுகளாக வணங்கியும் வந்தார்கள். 1965-இல்தான் திருச்சபை அவ்வணக்கத்தை நீக்கியது.

இனி நம் சொந்தக் கணக்கு. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றினோம். ஊர்க்கோடியில் ஒரு குடும்பம். அந்தி சாய்ந்தால் அவர்கள் வீட்டுக் கதவு சாத்தப்படும். உள்ளே புகையும் முணுமுணுப்பும். சில இரவுகளில் அலறல். அண்டை வீட்டு ஆடு ஒன்று செத்ததும், "செய்வினை வைக்கிறார்கள், சாமி" என்று நால்வர் வந்து முறையிட்டார்கள். நாம் அவ்வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் 'இருளின் செயல்கள்' பற்றி உருக்கமாகப் பேசினோம். பெயர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையிருக்கவில்லை. அந்த வாரமே கடைக்காரர் அவர்களுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினார். பிள்ளைகளோடு விளையாட யாரும் வரவில்லை. மாதம் முடியுமுன் அவர்கள் ஊரைவிட்டே கிளம்பினார்கள்.

கிளம்பிய அன்று அந்தத் தகப்பனார் பங்குமனைக்கு வந்தார். மூத்த மகளுக்கு வலிப்பு நோய். வெளியே தெரிந்தால் அவளுக்குத் திருமணம் ஆகாதே என்று அஞ்சி மறைத்து வைத்திருக்கிறார்கள். புகை, நாட்டு வைத்தியர் போடச் சொன்ன மருந்துப்புகை. முணுமுணுப்பு, தாயின் செபமாலை. அலறல், பாவம், அந்தப் பெண்ணினுடையது. அவர் நம்மைத் திட்டவில்லை. "சாமி, ஒரு நாள் வந்து கதவைத் தட்டியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். பேருந்து வந்தது; போய்விட்டார்.

எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறோம். நமக்குச் செய்யப்பட்ட பிரசங்கங்களுள் அதைவிடப் பெரியது வேறில்லை.

கதவை அடைத்தவரெல்லாம் குற்றமற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. மறைவில் தீமை நடப்பதுண்டு. பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்வதாகத் தெரிந்தால் காவல் துறையிடம் சொல்வது கடமை. ஆயினும் தெரிந்துகொள்வது வேறு, கற்பனை செய்துகொள்வது வேறு. விளையாட்டில் தடயம் சேர்த்துக் கொன்றால் விளையாட்டு முடிந்துவிடும். ஊரில் அப்படி முடிவதில்லை.

அன்று தளவானூரில் அந்தத் தம்பிக்கு இவ்வளவையும் சொல்ல நேரமில்லை. இருட்டத் தொடங்கியிருந்தது. "உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வா, தம்பி" என்று மட்டும் சொன்னோம். கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு போனான். சற்று நேரத்தில் திரும்பி வந்து, "ஒன்றும் இல்லை சாமி. லிங்கம் மட்டும்தான் இருக்கிறது" என்றான்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் இத்தகைய விளையாட்டுகளை ஆடுகிறார்கள் என்று வருந்த வேண்டாம். ஆனால் உங்கள் தெருவில் எந்த வீட்டைப் பற்றியாவது நீங்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதை அப்பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா? கேட்டிருந்தால், இந்த வாரமே அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நாம் தட்டத் தவறினோம்.